அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள நல்ல மடக்குக்கத்தி: எதை வாங்கலாம்?

பின்னலாடை88

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கிடங்கில் வேலை பார்க்கிறேன். சட்டைப்பையிலோ பேன்ட் பையிலோ தினமும் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக்கத்தி தேடுகிறேன். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சரியான யோசனை கிடைக்கும்.

ஒரு நாளில் நான் வெட்டுபவை: அட்டைப்பெட்டி டேப் முப்பது நாற்பது இடங்களில், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை, சாக்கு தைத்த நூல், லேபிள் நூல், சணல் கயிறு. மதியம் ஒரு கொய்யாவோ வெள்ளரியோ. வீட்டுக்கு வந்தால் மகளின் பென்சில்.

போன வருடம் இணையத்தில் 350 ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கறுப்பு அலகு, பாதி தூரம் பல் வைத்தது, பூட்டு எல்லாம் உண்டு. இரண்டாவது மாதம் ஒரு பெட்டியில் முனையைக் குத்தித் திருப்பும்போது பூட்டு நழுவி, அலகு என் ஆள்காட்டி விரல்மேல் மடங்கியது. மூன்று தையல். அந்த விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை.

அதனால் இந்த முறை நல்லதாக ஒன்று வாங்கிப் பல வருடம் வைத்துக்கொள்ள ஆசை. ஐந்தாயிரம் வரை செலவழிக்கலாம். சின்னதாக இருக்க வேண்டும், பார்த்தவர் பயப்படக் கூடாது, உறுதியாக இருக்க வேண்டும். என்ன வாங்கலாம்?

மாடித்தோட்டம்

விக்டோரினாக்ஸ் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் கேடட் கத்தி, அலாக்ஸ் எனும் அலுமினியப் பிடி. பத்து வருடமாக என் கைப்பையில் இருக்கிறது. கறிவேப்பிலைக் கொத்து, உர மூட்டை, ரயிலில் ஆப்பிள் எல்லாவற்றுக்கும் அதுதான். வேறு எதுவும் தேடத் தோன்றவில்லை.

கிடங்குத்தம்பி

அண்ணே, பெட்டிதான் முக்கிய வேலை என்றால் கத்தியே வேண்டாம். உடைக்கும் அலகு வைத்த கட்டர் வாங்குங்கள். ஒசாகாவில் 1956இல் யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்தது, பிறகு ஓல்ஃபா என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டில் வேலை பார்க்கலாம். அட்டையில் மணலும் தூசியும் கலந்திருக்கும், எந்த நல்ல எஃகையும் அது தின்றுவிடும். நாலாயிரம் ரூபாய்க் கத்தியை அட்டையில் தேய்ப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சாணைக்கல்

கிடங்குத்தம்பி சொல்வதில் பாதி சரி. மீதியைப் பார்ப்போம். நான் கோவையில் ஆலைக் கருவிகள் செய்யும் டூல்ரூமில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். கத்தி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைப் பின்னலாடை தம்பி தானே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்: எதை வெட்டப் போகிறேன்? பலர் இந்த இடத்தைத் தாண்டி நேராக எஃகின் பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் அந்த விபத்து. பூட்டு நழுவியது ஒரு காரணம், முனையைக் குத்தித் திருப்பியது இன்னொரு காரணம். இழுத்து அறுக்கும்போது வெட்டுவாயில் வரும் அழுத்தம் அலகைத் திறக்கும் பக்கமாகத்தான் தள்ளும். அப்போது பூட்டுக்கு வேலையே இல்லை. குத்தும்போதும், மாட்டிக்கொண்ட அலகை முறுக்கி எடுக்கும்போதும்தான் அது மடங்கும் பக்கம் திரும்புகிறது. பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் குத்துகிறோம். மலிவான பூட்டு அந்த நம்பிக்கைக்குத் தகுதியானது அல்ல.

இரண்டாவது, அலகின் கனம். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். உங்கள் பழைய கத்தியின் முதுகு மூன்று மூன்றரை மில்லிமீட்டர் இருந்திருக்கும், கீழே வெட்டுவாய் வரைக்கும் அதே தடிமன் பெரிதாகக் குறைந்திருக்காது. அப்படிப்பட்ட அலகை எவ்வளவு கூராக்கினாலும் கொய்யாவை அறுக்காது, பிளக்கும். கூர் என்பது நுனியில் ஒரு மயிரிழை. அதற்குப் பின்னால் வரும் உடம்பு மெல்லியதாக இருந்தால்தான் பொருளுக்குள் போகும். வீட்டில் நாற்பது வருடம் தேய்ந்த பழைய கத்தி புதுக் கத்தியைவிட நன்றாக வெங்காயம் நறுக்குவது இதனால்தான். கேடட்டின் முதுகே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான், அங்கிருந்து வெட்டுவாய் வரை சீராக மெலிகிறது. ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி இன்னும் மெல்லிசு.

மூன்றாவது, நீளம். ஆறு முதல் ஏழு சென்டிமீட்டர் அலகு போதும். ஒரு ஆப்பிளைப் பாதியாக்க முடிந்தால் அன்றாட வேலை அத்தனையும் முடியும்.

கேடட்டை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் உங்கள் வேலைக்கு என்று ஒரு காரணமும் இருக்கிறது. அதில் டப்பா திறக்கும் கருவியின் நுனியில் ஒரு சின்னத் திருப்புளி முனை உண்டு. டேப்பை அதனால் கீறுங்கள். அலகையே திறக்க வேண்டாம். கூர் இல்லாத கெட்டியான முனை என்பதால் டேப் கிழியும், உள்ளே இருக்கும் பனியன் கிழியாது. ஏற்றுமதிச் சரக்கில் பெட்டிக்கு ஒரு சட்டை வீணானால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அட்டையின் மணலும் அலகைத் தொடாது. கிடங்குத்தம்பியின் கவலையும் இதில் தீர்ந்தது.

கிடங்குத்தம்பி

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் கட்டரில் அலகைக் கொஞ்சமாக நீட்டி வெட்டுவோம், அப்படியும் மாதம் ஒரு துணியாவது கீறிவிடும். நாளைக்கே என் சாவிக்கொத்துத் திருப்புளியில் முயற்சி செய்கிறேன். ஆனால் பெட்டியைக் கிழித்துத் தட்டையாக்க வேண்டுமென்றால் கட்டர்தான். அதில் நான் மாறமாட்டேன்.

சாணைக்கல்

மாற வேண்டாம். அந்த வேலைக்கு நானும் கட்டர்தான் எடுப்பேன்.

நீலகிரி நடை

சாணைக்கல் ஐயாமீது மரியாதை உண்டு, ஆனால் பூட்டைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நான் மலையில் நடப்பவன். கை விறைத்திருக்கும், மழையில் பிடி வழுக்கும், ஒரு கையில் கயிறு இருக்கும். அங்கே ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி சொகுசு அல்ல, அவசியம். மலிவான பூட்டு மோசம் என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நல்ல பூட்டுகள் இருக்கின்றன. பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி அறுபதுகளிலேயே முதுகுப் பூட்டோடு வந்து இன்றுவரை விற்கிறது. அலகின் அடியில் ஒரு நெம்புகோல் போய் விழும், பின்பக்கம் அழுத்தினால்தான் விடும். லைனர் பூட்டில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிறது. மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் எண்பதுகளில் இதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். பெஞ்ச்மேடு நிறுவனம் கொண்டுவந்த குறுக்குக்கம்பிப் பூட்டு எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஏனென்றால் மூடும்போது விரல் அலகின் பாதையில் வராது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்ததால் இப்போது பல நிறுவனங்கள் குறைந்த விலையிலும் செய்கின்றன.

லைனர் பூட்டு வாங்குபவர்களுக்கு ஒன்று. மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில்தான் இருக்கும். பலர் வெட்டுக்காயம் படுவது திறக்கும்போது அல்ல, மூடும்போது.

பின்னலாடை88

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். சீனாவில் செய்த டி2 எஃகுக் கத்திகள் இதே விலைக்கு வருகின்றன, ஒரு கையால் திறக்கலாம், பார்க்கவும் நேர்த்தி. அந்த எஃகு விக்டோரினாக்ஸைவிடக் கடினம் என்கிறார்கள். அப்படியென்றால் அதுதானே நல்லது? இரண்டாவது, என் கை வேர்க்கும். துரு?

சாணைக்கல்

நீலகிரியார் சொன்னதை ஏற்கிறேன். மலைக்குப் போகிறவருக்கு நல்ல பூட்டு வேண்டும். எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அலகை முழுக்கத் திறந்து, விரல்கள் எதுவும் மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு மரப்பலகைமேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அடிக்க வேண்டாம். கொஞ்சம் அசைந்தாலும் அந்தக் கத்தியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது எஃகு. விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56 சுமார். டி2 கத்திகள் 60ஐ ஒட்டி வரும். ஆமாம், டி2 கூரை நீண்ட நாள் வைத்திருக்கும். டூல்ரூமில் டை என்னும் அச்சுகள் செய்ய நாங்கள் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்திய எஃகு அது, அதன் உழைப்பை நான் அறிவேன். ஆனால் மழுங்கியபின் சாதாரணக் கல்லில் அதைக் கூராக்கிப் பாருங்கள். முக்கால் மணி நேரம் தேய்த்தும் பிசிறு, அதாவது மறுபக்கம் மடங்கி எழும் மெல்லிய இரும்பு விளிம்பு, எழாது. 56இல் இருக்கும் எஃகு ஐந்து நிமிடத்தில் கூராகிவிடும். சாணை பிடிக்கத் தெரியாதவர் கையில் கடினமான எஃகு ஆறு மாதத்தில் நிரந்தர மழுங்கல் கத்தியாகிறது. மென்மையான எஃகை வாரம் ஒருமுறை தட்டிக்கொடுத்தால் எப்போதும் கூராக இருக்கும்.

துருவைக் கேட்டீர்கள். டி2வில் குரோமியம் பன்னிரண்டு சதவீதம் போல இருக்கிறது, அதனால் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்று நினைக்கிறார்கள். ஆனால் கார்பன் ஒன்றரை சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக் கடினமான துகள்களாக்கிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. வேர்வைக் கையோடு பையில் போட்டால் ஒரு வாரத்தில் புள்ளி விழும். எலுமிச்சை வெட்டித் துடைக்காமல் விட்டால் மறுநாளே.

நாகைக் கடலோரம்

துரு என்றதும் வந்துவிட்டேன். எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் செயினே நிற்காது.

உப்புத் தண்ணீரில் புழங்குபவர்களுக்கு எச்1, எல்சி200என் என்று எஃகுகள் உண்டு. கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்துச் செய்தவை. ஸ்பைடர்கோ நிறுவனம் சால்ட் என்ற வரிசையில் இதற்கென்றே கத்திகள் செய்கிறது. விலை பின்னலாடை சொன்ன தொகையைத் தாண்டும். திருப்பூருக்கு அது வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஓப்பினெல் பற்றி. பிரான்சின் சவுவா மலைப் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்த கத்தி, இன்றைக்கும் அதே உருவம். பீச் மரப் பிடி, அலகு, கழுத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955இல் சேர்த்தது அது. எட்டாம் எண் அலகு எட்டரை சென்டிமீட்டர், ஆறாம் எண் ஏழு. எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. பழம் வெட்ட இதைவிடச் சிறந்த மடக்குக்கத்தியை நான் கையில் எடுத்ததில்லை.

ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதும். முதல் ஐப்பசி மழையில் என் கத்தியைத் திறக்கவே முடியவில்லை, பிடி அலகைக் கவ்விக்கொண்டது. சவுவாக்காரர்கள் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்களாம், அலகு கொஞ்சம் வெளியே வரும், அப்புறம் நகத்தால் இழுக்கலாம். அதன்படித்தான் திறந்தேன். பிறகு மழை ஓய்ந்ததும் நன்றாகக் காயவைத்து, அலகு உட்காரும் பள்ளத்தின் இரு பக்கத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் திரும்பத் திரும்பப் பூசினேன். அதன்பின் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

வாங்கினால் துருப்பிடிக்காத அலகையே வாங்குங்கள். கார்பன் அலகும் அருமைதான், ஆனால் அதை அரிவாள்மனையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாங்காய் நறுக்கினால் கறுக்கும். அந்தக் கருநீலப் படிவு நல்லது, துருவைத் தள்ளிவைக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், பாதுகாப்பையே கழற்றிவிடுவீர்கள்.

வில்லுக்கத்தி

வணக்கம். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இருபத்திரண்டு வருடமாக லண்டன். எங்கள் பக்கம் மடக்குக்கத்தியை வில்லுக்கத்தி என்போம், அதனால்தான் இந்தப் பெயர்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் அலகு பூட்டக்கூடியதாக இருந்தால் அந்த விலக்கு கிடையாது என்று தொண்ணூறுகளிலேயே உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பூட்டுள்ள கத்தியைக் கொண்டுபோக நியாயமான காரணம் காட்ட வேணும், வேலைக்குப் போகிறேன் என்பது போல.

ஆகவே நாகை நண்பர் சொன்ன ஓப்பினெல் ஆறும் எட்டும் இங்கே சட்டைப்பைக்கு ஆகாது. வளையம் பூட்டுகிறதல்லவா. இரண்டு முதல் ஐந்து வரையான எண்களில் பூட்டும் வளையம் இல்லை. ஐந்தாம் எண் ஆறு சென்டிமீட்டர். என் பையில் இருப்பது அதுதான். கேடட்டும் பூட்டில்லாதது, சரிவரும். என்ன சிறு கத்தியானாலும், அதை ஆயுதமாக நினைத்துக்கொண்டு போனால் சட்டம் வேறு. கேட்கும் பொலிஸ்காரரிடம் தற்பாதுகாப்புக்கு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், நினைக்கவும் வேண்டாம். இந்த ஊரில் பிள்ளைகள் கத்திக்குத்தில் சாவதைச் செய்தியில் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். விக்டோரினாக்ஸ் நிறுவனமே அலகில்லாத கைக்கருவி ஒன்றைப் பற்றி யோசிப்பதாக 2024இல் சொன்னது.

கருப்பு அங்கி

இந்தியாவைப் பற்றி நான் சொல்கிறேன், வழக்காடுவது தொழில். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ளவை ஆயுத வகையில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேராது. அரசு ஒரு பகுதிக்கு அறிவிக்கை வெளியிட்டால் அங்கே கட்டுப்பாடு கடுமையாகும். தில்லியில் 1980இலிருந்து அப்படி ஓர் அறிவிக்கை உண்டு, அதில் வரும் அளவு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம். தில்லிக்குப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

ஆனால் தெருவில் அளவுகோலோடு யாரும் வருவதில்லை. இரவு பத்து மணிக்கு வாகனச் சோதனையில் பையிலிருந்து கறுப்பாக, பல் வைத்து, பட்டனைத் தட்டினால் பாயும் கத்தி ஒன்று வெளியே வந்தால் உங்கள் இரவு ஸ்டேஷனில் கழியும். சிவப்புப் பிடியும் டப்பா திறப்பானும் உள்ள பேனாக்கத்தி வந்தால் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். பட்டன் கத்தியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், மெட்ரோ நிலையம், சினிமா, பெரிய கோயில் என்று சோதனை உள்ள இடத்துக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி

பேனாக்கத்தி என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு சின்னச் சேதி. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால் வந்த பெயர் அது. நம்மிடமும் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வார ஒரு சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். சில அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். பின்னலாடை நண்பர் தேடுவது இந்த ஊருக்குப் புதிய பொருள் இல்லை.

தூரப் பயணி

கருப்பு அங்கி விமான நிலையத்தைச் சொல்ல மறந்துவிட்டார். நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது வலிக்கும்.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பேனாக்கத்தி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் போனபின் அது என்னிடம் வந்தது. எட்டு வருடம் வைத்திருந்தேன். ஒரு நாள் அவசரமாகக் கிளம்பும்போது தோள்பையின் உள்ளறையில் அது இருப்பதை மறந்துவிட்டேன். சோதனையில் எடுத்தார்கள். விமானத்துக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. வெளியே போய்ப் பெட்டியோடு சேர்த்து அனுப்ப நேரமில்லை, வாங்கி வைத்துக்கொள்ள உடன் யாரும் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள், நிறையக் கத்திரிக்கோல்களோடு. அந்த அதிகாரிமீது எனக்குக் கோபமில்லை, அவர் வேலை அது. அப்பாவின் பெயர் முதலெழுத்தை அவர் கையால் அந்தப் பிடியில் கீறி வைத்திருந்தார்.

நம் நாட்டில் கத்தி எவ்வளவு சிறிதானாலும் கைப்பையில் விமானத்தில் ஏறாது. செக்-இன் பெட்டியில்தான். என் புதுக் கத்தியைச் சாவிக்கொத்தோடு ஒரே கொக்கியில் வாசலில் மாட்டி வைக்கிறேன். பயணம் என்றால் அங்கேயே கழற்றிவிடுவேன்.

மாடித்தோட்டம்

படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, சகோதரரே.

பின்னலாடை88

தூரப் பயணி அண்ணா, மனசு கனத்துவிட்டது. என் கத்திக்கும் வாசலில் ஒரு கொக்கி அடித்துவிடுகிறேன்.

கேடட் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கையால் திறக்க முடியாது என்பது முதலில் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் கிடங்கில் எனக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது. பயோனியர் என்று அதே வகையில் கொஞ்சம் பெரியது ஒன்று இருக்கிறதே, அதில் துளையிடும் ஊசியும் உண்டு. சாக்குக்கு உதவுமா? இணையத்தில் பாதி விலைக்கும் ஒருவர் விற்கிறார், வாங்கலாமா?

சாணைக்கல்

பாதி விலைக்கு வேண்டாம். அதிகம் போலி வரும் கத்தி இது. அசலில் அலகின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் ஸ்விஸ் நாட்டில் செய்தது என்பதும் மெல்லிய, தெளிவான எழுத்தில் அச்சாகியிருக்கும். போலியில் எழுத்து தடித்து மசமசவென்று இருக்கும். அதைவிட உறுதியான அடையாளம் கையில் தெரியும். அசலைத் திறந்தால் கடைசியில் டக்கென்று தன் இடத்தில் விழும், மூடும்போதும் அப்படியே. போலி கரகரவென்று வரும், அல்லது தொளதொளவென்று ஆடும். மூடியபடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், தகடுகளுக்கு இடையே வெளிச்சம் ஒழுகக் கூடாது. நிறுவனத்தின் கடையிலோ அவர்கள் அங்கீகரித்த கடையிலோ ரசீதோடு வாங்குங்கள். செய்முறையில் குறை இருந்தால் வாழ்நாள் முழுக்கப் பார்த்துத் தருவார்கள்.

பயோனியர் நீளம் 93 மில்லிமீட்டர், கேடட் 84. பயோனியரில் நகம் தேய்க்கும் அரம் இல்லை, ஊசி உண்டு. சாக்கில் ஓட்டை போட நல்லது, ஆனால் பேன்ட் பையில் அது இருப்பது தெரியும். கேடட் 46 கிராம், மறந்துவிடுவீர்கள். உங்களுக்குக் கேடட்டே போதும் என்று நினைக்கிறேன். சாக்கு தைக்கக் கோணி ஊசி இருக்கிறதே.

இன்னொன்று, கட்டுப்பட்டை. பிளாஸ்டிக் பட்டை இறுக்கத்தில் இருக்கும், அறுத்ததும் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். முகத்தை அதன் நேர்கோட்டில் வைக்காமல், ஒரு கையால் பட்டையைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டு, அலகை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து அறுங்கள். இரும்புப் பட்டையைக் கத்தியால் தொடவே வேண்டாம், அதற்குத் தகடு வெட்டும் கத்திரி இருக்கிறது.

நீலகிரி நடை

கேடட் நல்ல தேர்வு. எப்போதாவது மலைக்கு வந்தால் சொல்லுங்கள், என் பூட்டுக்கத்தியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பின்னலாடை88

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கோவையில் கடைக்கே போய் வாங்கினேன், வெள்ளி நிறப் பிடி. சாணைக்கல் ஐயா சொன்ன டக் சத்தம் கேட்டதும் புரிந்துவிட்டது. டேப் எல்லாம் திருப்புளி முனையில்தான், இதுவரை ஒரு துணியும் கீறவில்லை. கூட வேலை செய்யும் இரண்டு பேர் பார்த்துவிட்டுத் தங்கள் கட்டரிலும் அலகைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது அலகு கொஞ்சம் மழுங்கிவிட்டது. வெள்ளரித் தோலில் வழுக்குகிறது. எங்கள் தெருவில் சைக்கிளில் சாணை பிடிப்பவர் வருகிறார், கொடுக்கலாமா?

சாணைக்கல்

அரிவாளையும் கத்திரிக்கோலையும் தாராளமாகக் கொடுங்கள், நல்ல கைகள் அவை. இந்த மெல்லிய அலகை மட்டும் சுழலும் கல்லில் வைக்க வேண்டாம். மெல்லிய இரும்பு நொடியில் சூடேறும். வெட்டுவாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், திரும்ப வராது.

நீங்களே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்குங்கள். அடியில் ஈரத்துணி விரித்தால் கல் நகராது. ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். கண்ணால் அளப்பது கஷ்டம், அதனால் இப்படிச் செய்யுங்கள்: அலகின் அகலம் 14 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து நாலு மில்லிமீட்டர் தூக்கினால் 17 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். உங்கள் அலகை அளந்து அதே விகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு தேய் தேய்த்துப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகைத் தூக்குங்கள், வெட்டுவாயின் நுனியில் மட்டும் அழிந்தால் இறக்குங்கள்.

ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள், மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை. பிசிறு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து வெட்டுவாய்ப் பக்கமாக, அதைத் தாண்டி வெளியே போகும்படி மெல்ல நகர்த்தினால் நகத்தில் கம்பி தட்டுவது போலத் தடுக்கும். அடியிலிருந்து முனைவரை அது இருக்க வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு நிறுத்துகிறார்கள். பிறகு மறுபக்கம், அதே அளவு. கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகுப் பக்கமாக இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும்.

வாராவாரம் கல் வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத ஒரு வளையம் தெரியும். அதில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு போதும்.

பின்னலாடை88

இன்றைக்கு ஞாயிறு, காலையிலிருந்து இதுதான் வேலை. முதல் அரை மணி நேரம் எதுவும் ஆகவில்லை. மார்க்கர் போட்டபிறகுதான் முதுகைப் போதிய அளவு தூக்காமல் தேய்த்தது தெரிந்தது. அப்புறம் பிசிறு எழுந்தது, நகத்தில் தட்டியது. அந்த நிமிடம் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

செய்தித்தாளை ஓரத்தில் பிடித்து இழுத்தேன், சத்தமில்லாமல் போகிறது. மகளின் பென்சில் ஆறையும் சீவிக்கொடுத்தேன். முனைக்கு அருகே ஒரு சென்டிமீட்டர் மட்டும் இன்னும் கடிக்கவில்லை, ஏன்?

சாணைக்கல்

அங்கே அலகு வளைகிறது தம்பி. அந்த இடம் வரும்போது பிடியைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், வளைவு கல்லில் படும்.

பின்னலாடை88

படுகிறது ஐயா. இப்போது முனைவரை எழுந்துவிட்டது.